பால் சாட்சி

மீரா சாகிபைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்தபோது அவன் மனைவி ருக்கையா, காலையில் கொடுத்திருந்த இடியாப்பக் கூடைகளைக் காப்பிக்கடைகளில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கியவனை, செருப்பைக்கூடத் தேட விடாமல் மாத்தாக்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று அவனோடு படகு வலிக்கிறவர்கள் ஓடிவந்து சொன்னார்கள். பினாங்கில் போலீசுக்கு மாத்தா என்றுதான் பெயர்.

"எந்த டேசன்?" என்று கேட்டாள் ருக்கையா.

"டேசன் இல்லக்கா. நேரா ஜெயிலுக்கு."

அவள் கூடைகளை அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு நடந்தாள். திருட்டு, அடிதடி என்றால் முதலில் டேசனுக்குக் கொண்டுபோவார்கள். மறுநாள் கோர்ட்டில் நிறுத்துவார்கள். எதுவும் இல்லாமல் நேரே ஜெயிலுக்குப் போகிறவர்கள் யாரென்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அங்கிருந்து கப்பலுக்குத்தான் போவார்கள்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தன. கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் தமிழ்ச் சனங்களைக் கூட்டம் கூட்டமாகப் பினாங்குக்குக் கொண்டுவந்து, சர்க்கார் செலவில் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 'சொந்தச் சம்மதத்தின் பேரில்' என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதியிருக்கும். கப்பல் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். அதுவரைக்கும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொங்காங் என்கிற பெரிய படகுகளின் வேலை. மீரா சாகிப் அப்படிப்பட்ட ஒரு தொங்காங்கின் தண்டல். படகும் அதில் வேலை செய்கிற ஆட்களும் அவன் பொறுப்பு.

ஒரு நாள் பாதிக் கடலில் சின்னம்மா என்ற ஒரு பெண் படகின் நடுவில் எழுந்து நின்றுவிட்டாள். அவள் புருஷன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் முன்னாலேயே படகேறிவிட்டான் என்று யாரோ பொய் சொல்லி அவளை ஏற்றியிருக்கிறார்கள். "இதுல அவர் இல்லியே. என்னை எறக்கி விட்டுருங்கய்யா," என்று அவள் சத்தம் போடாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். மீரா சாகிப் சுக்கானைத் திருப்பிக் கரைக்கே வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் படகில் கால் வைக்கும் முன்பே கேட்கத் தொடங்கினான். ஊருக்குப் போக உனக்கு இஷ்டமா, இல்லையா. இஷ்டம் என்றவர்களை ஏற்றிக்கொண்டான். இல்லை என்றவர்களைக் கரையிலேயே விட்டான். மற்ற தண்டல்களும் அதையே செய்தார்கள். கப்பல்கள் பாதி இடம் காலியாகக் கிளம்பின. அதிகாரிகள் கூப்பிட்டு மிரட்டினார்கள். "துவான், நான் ஆளை ஏத்தறவன். மூட்டை ஏத்தறவன் வேற," என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஜெயிலில் ருக்கையாவைச் சனிக்கிழமைதான் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் வெறுங்காலோடு நின்றான்.

"கவர்னர் உத்தரவாம்," என்றான். "என்னை நாடு கடத்தறாங்க. செவ்வாய்க்கிழமை கப்பல்."

"எந்த நாட்டுக்கு? உங்களுக்கு வேற நாடு ஏது?"

"நான் புதுக்கோட்டை நாட்டுல பொறந்தவன்னு அதுல எழுதியிருக்கு. எங்க பொறந்தேன்னு என்னை ஒருத்தரும் கேக்கல." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இன்னொண்ணும் சொன்னாங்க. நானா விரும்பிப் போறேன்னு கையெழுத்துப் போட்டா உனக்கும் புள்ளைங்களுக்கும் இனாமா டிக்கெட்டாம்."

"போட்டீங்களா?"

"போடல."

"போடாதீங்க," என்றாள் ருக்கையா. வேறு எதுவும் பேச நேரமில்லை. வார்டர் வந்துவிட்டான்.

வக்கீல் தங்கராஜுவின் அறை பீச் தெருவில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே இருந்தது. ஒல்லியான மனிதர். துறைமுகத்து ஆட்களின் வழக்குகளை எடுப்பதால் அவரைப் பெரிய வக்கீல்கள் மதிப்பதில்லை என்று சொல்வார்கள். ருக்கையா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அம்மா, சட்டம் இப்படித்தான் இருக்கு," என்றார். "கவர்னர் தன் ஆலோசனை சபையோட உக்காந்து, இந்த ஆள் இங்க இருக்க வேண்டாம்னு முடிவு பண்ணினா அனுப்பிரலாம். விசாரணை கிடையாது. காரணம் சொல்லணும்னு கிடையாது. ஆனா பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜையா இருக்கறவனை அந்தச் சட்டம் தொடாது. இந்தத் தீவுல பொறந்தவன் எல்லாம் பிரஜைதான்."

"அவரு இங்கதான் பொறந்தாரு. டத்தோ கிராமாட்டுல."

"அவங்க அன்னவாசல்னு சொல்றாங்க."

"அது அவரோட அத்தா ஊரு. மூணு வயசுல கூட்டிட்டுப் போயி, ஒரு வருஷம் வச்சிருந்து திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க."

"அந்த வருகைதான் சர்க்கார் கணக்குல ஏறியிருக்கு. அன்னவாசல் புதுக்கோட்டை ராஜாவோட சீமை. அங்க பொறந்தவன் ராஜாவோட ஆளு, பிரிட்டிஷ் பிரஜை இல்ல. பக்கத்துல திருச்சியில பொறந்தான்னு எழுதியிருந்தாக்கூட அவங்களால இவரைத் தொட முடியாது." தங்கராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோ விவரம் தெரிஞ்சவன் சொல்லிக் கொடுத்திருக்கான்."

யாரென்று ருக்கையாவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

"பொறப்பைப் பதிஞ்சாங்களா?"

"இல்லீங்க. பெத்த உம்மா காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தாங்களாம். அத்தா கடல்ல. யாரு போய்ப் பதியறது? ரெண்டு பேரும் மவுத்தாயிட்டாங்க."

"அப்ப ஒரு மனுசச் சாட்சி வேணும். அவர் பொறந்த நேரத்துல கூட இருந்தவங்க யாராவது. நிரூபிக்கற பொறுப்பு நம்ம தலையிலதான்."

கீழே மண்டியில் யாரோ மூட்டை எண்ணும் சத்தம் கேட்டது.

"ஒருத்தங்க இருக்காங்க," என்றாள்.

அவள் கல்யாணமாகிப் படகுக்காரத் தெருவுக்கு வந்த புதிதில், தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் அது. மீரா சாகிபுக்கு முதலில் கேட்ட பெண் நீ இல்லை. டத்தோ கிராமாட்டுக் காமாரியாவின் மகள் நூர்ஜான். அவனுக்கும் அவள்மேல் ஆசைதான். ஆனால் மீரா சாகிப் பிறந்தபோது அவன் தாய் நினைவில்லாமல் கிடந்ததால், பக்கத்து வீட்டுக் காமாரியாதான் தன் கைக்குழந்தையோடு சேர்த்து அவனுக்கும் பால் கொடுத்தாள். ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் அண்ணன் தங்கை. மார்க்கத்தில் அந்தக் கல்யாணம் கூடாது. இமாம் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

அந்தக் கதை ருக்கையாவின் மனதில் ஒரு முள்ளாகவே கிடந்தது. பெருநாளைக்குப் பெருநாள் மீரா சாகிப் பாலும்மா வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வருவான். அவள் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவாள். இப்போது அந்த வாசலுக்குத்தான் போயாக வேண்டும்.

சிக்கல் அது மட்டுமில்லை. காமாரியா அன்றைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சொந்தக் குழந்தை ஷேக் அலாவுதீன். மீரா சாகிபும் அவனும் ஒரே மடியில் கிடந்தவர்கள். இப்போது அலாவுதீன் படகுக் கான்டிராக்டர். கூலிகளைக் கப்பலேற்றும் ஒப்பந்தம் அவனுடையது. தண்டல்கள் ஆளை ஏற்ற மறுத்ததில் அந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது. அன்னவாசல் எந்த ராஜாவின் சீமை என்று விவரம் தெரிந்தவன் அவன்தான்.

டத்தோ கிராமாட்டில் காமாரியாவின் வீடு தூண்கள்மேல் நின்ற மரவீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ருக்கையா போனபோது அலாவுதீன் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தான். காமாரியா தரையில் பாயில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, முழங்கால் வலி, நரைத்த தலையில் வெள்ளை முக்காடு.

ருக்கையா ஸலாம் சொன்னாள். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"மாமி, அவரை நாடு கடத்தப் போறாங்க. அவரு இங்க பொறக்கலன்னு சொல்றாங்க. நீங்க கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லணும்."

பதில் அலாவுதீனிடமிருந்து வந்தது. "உம்மா கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டாங்க. சர்க்காரை எதிர்த்து நிக்கறது சும்மாவா? கவர்னர் கையெழுத்துப் போட்டாச்சு லா. இனி யாரு என்ன பேசினாலும் எடுபடாது."

"நான் மாமிகிட்ட கேட்டேன், அண்ணே."

"நான் சொல்றேன்ல. அவனுக்கு எத்தனை தரம் சொன்னேன், உன் வேலை படகு ஓட்டறது, ஊர் நியாயம் கேக்கறது இல்லன்னு. கேட்டானா? என்கிட்ட இருக்கற நூறு பேருக்குக் கூலி வேலை போகுது. அவன் அன்னவாசல்ல போய் நிம்மதியா இருக்கட்டும்."

பாக்குவெட்டியின் சத்தம் நின்றிருந்தது. காமாரியா மகனையும் பார்க்கவில்லை, ருக்கையாவையும் பார்க்கவில்லை.

"போ புள்ள," என்றாள் கடைசியில். "நான் என்ன செய்ய முடியும்? இவன் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கேன்."

"நான் கீழ படியில உக்காந்திருக்கேன் மாமி. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் இறங்கிப் போய் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அலாவுதீன் அவளைக் கடந்து வெளியே போனான். திரும்பி வந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். "மானம் போகுது, எழுந்து போ," என்றான். அவள் நகர்ந்து வழிவிட்டாள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீர் அவள் முதுகில் விழுந்தது. நூர்ஜான் பின்வாசல் வழியாகக் குடையும் ஒரு குவளைத் தேநீரும் கொண்டுவந்தாள். இருவரும் இவ்வளவு பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"உம்மா அழுதுக்கிட்டு இருக்கு," என்றாள் நூர்ஜான் மெதுவாக. "நீங்க போயிராதீங்க."

"போகமாட்டேன்," என்றாள் ருக்கையா.

சாயங்காலத்து அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகு காமாரியா கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே அலாவுதீன் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அவனைப் பெத்தவ காய்ச்சல் அடிச்சுக் கெடந்தப்ப உன்னை ஒரு பக்கம் போட்டேன், அவனை ஒரு பக்கம் போட்டேன். நீ அவனைக் காலால எத்துவே. அப்பவும் அவன் அழமாட்டான். இன்னிக்கு எவனோ வந்து அப்படி ஒண்ணு நடக்கவே இல்லங்கறான். நடக்கலன்னா நான் யாரு? நூர்ஜானுக்கு நான் சொன்னது பொய்யா?" பிறகு ருக்கையாவைப் பார்த்தாள். "எங்க வரணும்?"

தங்கராஜு திங்கட்கிழமை காலையில் மனுவைக் கொடுத்தார். ஆளை வியாழக்கிழமை தன் முன் கொண்டுவர வேண்டும், அதுவரை தீவை விட்டு அனுப்பக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். உத்தரவை எழுதி, முத்திரையிட்டு வாங்குவதற்குள் செவ்வாய் விடிந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு தங்கராஜு ஜெயிலுக்குப் போனால், கைதியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள்.

ருக்கையா அதற்கு முன்பே துறைமுகத்தில் நின்றாள். படகுக்காரர்கள் விடியும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மீரா சாகிபை விலங்கோடு மாத்தாக்கள் இறக்கினார்கள். தொங்காங்காரர்கள் யாரும் அவனை ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்து போலீஸ் மோட்டார் படகையே கொண்டுவந்திருந்தார்கள். படகுக்குப் போகிற பலகையின் முன்னால் ருக்கையா நின்றுகொண்டாள்.

"நகரு," என்றார் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், மலாயில்.

"ஜட்ஜு உத்தரவு வருது துவான்," என்று அவளும் மலாயில் சொன்னாள். "வக்கீல் கொண்டு வர்றாரு. அதைப் படிச்சுட்டு ஏத்துங்க."

"எனக்குக் கவர்னர் உத்தரவு இருக்கு."

"இருக்கட்டும். இன்னொண்ணும் வருது."

ஒரு மாத்தா அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் பலகையின் கயிற்றைப் பற்றிக்கொண்டாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை. அப்போதுதான் ரிக்‌ஷாவிலிருந்து தங்கராஜு குதித்து ஓடிவந்தார். காகிதத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் அதைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"கவர்னரின் உத்தரவுக்கு மேல் இது நிற்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது வியாழக்கிழமை தெரியும்," என்றார் தங்கராஜு. "இன்றைக்கு நீங்கள் இவனைக் கப்பலேற்றினால், வியாழக்கிழமை நீதிபதி முன்னால் நிற்கப்போவது நீங்கள். கவர்னர் சிங்கப்பூரில் இருப்பார்."

இன்ஸ்பெக்டர் துறைமுக ஆபீசுக்குப் போய் டெலிபோனில் பேசினார். கப்பல் ஒரு தரம் ஊதியது. மீரா சாகிப் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, கைதியை வண்டியில் ஏற்றும்படி சைகை செய்தார். வண்டி ஜெயில் ரோட்டுப் பக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் ருக்கையா தரையில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை லைட் தெருக் கோர்ட்டு நிரம்பியிருந்தது. அன்றைக்கு எந்தத் தொங்காங்கும் ஓடவில்லை. நீதிபதி வயதான வெள்ளைக்காரர். அடிக்கடி இருமினார்.

சர்க்கார் வக்கீல் எழுந்து, சாட்சிகளை விசாரிக்கவே தேவையில்லை என்றார். யாரை வெளியேற்றுவது என்பது கவர்னரின் அதிகாரம். இவன் அந்நியன் என்று அவர் திருப்தியடைந்திருக்கிறார். அதற்குள் கோர்ட்டு நுழைய முடியாது.

"கவர்னர் திருப்தியடைந்திருப்பது எனக்குத் தெரிகிறது," என்றார் நீதிபதி. "நான் இன்னும் திருப்தியடையவில்லை. சாட்சியைக் கூப்பிடுங்கள்."

காமாரியாவைக் கூண்டில் ஏற்ற இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. குர்ஆன்மேல் சத்தியம் செய்தாள். துபாஷி ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். அவள் பயப்படுவாள் என்று ருக்கையா நினைத்திருந்தாள். காமாரியாவோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள். பிரசவம் பார்த்த மலாய்க்காரி யார், குழந்தை எந்த அறையில் விழுந்தது, தாய்க்கு எப்படிக் காய்ச்சல் கண்டது, குழந்தை அழுத அழுகையில் எப்படித் தன் மாரில் பால் கசிந்தது என்றெல்லாம் சொன்னாள். துபாஷி கடைசி விஷயத்தை மொழிபெயர்க்கக் கூச்சப்பட்டார். "சொல்லு தம்பி, அதுதான் முக்கியம்," என்றாள் அவள்.

சர்க்கார் வக்கீல் கேட்டார்: "இவன் நான்கு வயதில் இந்தியாவிலிருந்து வந்தவன். வந்த பிறகு நீங்கள் வளர்த்திருக்கலாம். அந்தப் பாசத்தில் சொல்கிறீர்கள், இல்லையா?"

"நாலு வயசுப் புள்ளை பால் குடிக்குமா? குடிச்சாலும் அது பால் உறவு ஆகாது. ரெண்டு வயசுக்குள்ள குடிச்சாத்தான் உறவு. உங்களுக்குத் தெரியாட்டி பள்ளிவாசல்ல கேளுங்க."

"நீங்கள் எப்போதாவது இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா?"

"அக்கரையில இருக்கற பிறை ஊருக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்ல."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து சர்க்கார் தரப்பில் ஷேக் அலாவுதீன் வந்தான். தாய் நின்ற அதே இடத்தில் நின்றான். அதே குர்ஆன்மேல் கை வைத்தான். மீரா சாகிப் சிறுபிள்ளையாக இருந்தபோது கப்பலில் வந்து இறங்கியது தனக்கு நினைவிருக்கிறது, அவன் குடும்பம் புதுக்கோட்டைச் சீமைக் குடும்பம் என்று சொன்னான். அதில் பொய் எதுவும் இல்லை. சொன்ன அளவில் எல்லாம் உண்மைதான்.

தங்கராஜு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க தங்கச்சி நூர்ஜானை மீரா சாகிபுக்குப் பொண்ணு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"ரொம்ப வருஷம் முன்னால. அப்ப உங்களுக்குள்ள சண்டை கிடையாது, அப்படித்தானே?"

"கிடையாது."

"உங்க வீட்டுல என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னுட்டோம்."

"ஏன்? மாப்பிள்ளை கெட்டவனா? தொழில் இல்லாதவனா?"

தங்கராஜு காத்திருந்தார். பெஞ்சில் காமாரியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மகனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அவன் ஏதாவது சொல்லப் போகும்போது பார்ப்பதுபோல் பார்த்தாள். அலாவுதீனால் வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட முடியும். சொன்னால் தாயைப் பொய்யாக்க வேண்டும். கூடவே தன் தங்கையின் காதில், அந்தக் கல்யாணம் வீணாகத்தான் தடுக்கப்பட்டது என்று சொன்னதாகும். அவன் கை இன்னும் குர்ஆன் பக்கத்திலேயே இருந்தது.

"பால் குடிச்சவன்," என்றான். "எங்க உம்மாகிட்ட பால் குடிச்சவன். அதனால கூடாதுன்னு இமாம் சொன்னாரு."

துபாஷி அதை மொழிபெயர்த்து முடிப்பதற்கு முன்பே கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

நீதிபதி மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார். நீளமாக வாசித்தார். தங்கராஜு பிறகு ருக்கையாவுக்கு அதைத் தமிழில் சொன்னார். சட்டம் யாரைக் கவர்னர் கையில் கொடுத்திருக்கிறதோ, அவர்களில் யாரை அனுப்பலாம், யாரை வைத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டு கேட்காது. ஆனால் இந்த மனிதன் அவர் கையில் கொடுக்கப்பட்டவன்தானா என்பதைக் கோர்ட்டு கேட்டே தீரும். கவர்னர் ஒருவனை அந்நியன் என்று நம்புவதால் அவன் அந்நியன் ஆகிவிடமாட்டான். அப்படி ஆகுமென்றால், அந்தச் சட்டத்துக்கு வேலியே இல்லை என்று ஆகிவிடும். மீரா சாகிப் இந்தத் தீவில் பிறந்தவன். அவனை விடுதலை செய்ய வேண்டும்.

விலங்கைக் கழற்றியதும் மீரா சாகிப் நேராகப் போய்க் காமாரியாவின் காலடியில் உட்கார்ந்தான். அவள் அவன் தலையில் கை வைத்து, "இளைச்சுட்டே," என்றாள்.

வெளியே வராந்தாவில் இன்ஸ்பெக்டர் அவனை நிறுத்தினார். "இந்தத் தீவிலும் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது," என்றார். மிரட்டலாக இல்லை, வழி சொல்வதுபோல் இருந்தது அவர் பேச்சு. "கெடாவில் கால் வைக்காதே. பேராவிலும் வைக்காதே. அவை சுல்தான்களின் சீமைகள், அங்கே சட்டம் வேறு, சர்க்கார் வேறு. அங்கிருந்து உன்னை அனுப்ப இந்த நீதிபதியைக் கேட்க வேண்டியதில்லை."

அந்த அளவுக்குத்தான் அவர்கள் ஜெயித்தார்கள். கப்பல் ஏஜண்டுகள் அவனுக்குத் தண்டல் வேலை தரவில்லை. அவன் படகுகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலைக்குப் போனான். ருக்கையா இன்னும் இரண்டு கடைகளுக்குச் சேர்த்து இடியாப்பம் பிழிந்தாள்.

தீர்ப்பு வந்த அடுத்த வாரம், காமாரியா ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியுமாக அவர்கள் வீட்டு வாசலில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். அலாவுதீன் போகச் சொன்னானா, அவளே கிளம்பினாளா என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நூர்ஜான் வாரத்துக்கு ஒரு முறை வந்து போனாள். அவள் வரும் நாளில் ருக்கையா அடுப்படியை விட்டு வெளியே வந்து உட்கார்ந்து பேசினாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் படகுக்காரத் தெருவில் வீடு விசாரித்து வந்தாள். பெயர் வடிவம்மாள். பட்டர்வொர்த்துக்கு அப்பால் தாசேக் கெலுகோர்ப் பக்கத்துத் தோட்டம். அவள் புருஷன் சின்னையாவை முந்தாநாள் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சம்பளத்தைக் குறைத்ததற்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டானாம்.

"ஜட்ஜுகிட்ட போயி உங்க வீட்டுக்காரரை மீட்டீங்கன்னு தோட்டத்துல சொன்னாங்க அக்கா."

"உங்க வீட்டுக்காரரு எங்க பொறந்தாரு?" என்று ருக்கையா கேட்டாள்.

"திருமயம்."

திருமயமும் புதுக்கோட்டை ராஜாவின் சீமைதான். கேட்டுக்கொண்டிருந்த மீரா சாகிப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பெண்ணுக்குப் பால் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் பயனில்லை. சின்னையா உண்மையாகவே வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்தவன். சட்டம் கவர்னர் கையில் கொடுத்தவன். செய்ததைப் பார்த்தால் இருவரும் ஒன்றையேதான் செய்திருந்தார்கள்.

"ஒண்ணும் பண்ண முடியாதா அக்கா?"

"முடியும்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள் ருக்கையா. "எங்களுக்கு இருந்த வழி உங்களுக்கு இல்ல. வேற வழி இருக்கான்னு எனக்குத் தெரியாது. வக்கீலய்யாவைக் கேப்போம். அவரு இல்லன்னு சொன்னா, ஏன் இல்லன்னு கேப்போம்."

காமாரியா உள்ளேயிருந்து, "புள்ளைங்களை நான் பார்த்துக்கறேன், நீ போ," என்றாள். ருக்கையா கையைக் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். தெருவில் வெயில் ஏறியிருந்தது. வடிவம்மாள் வழி தெரியாமல் தயங்கி நின்றாள். ருக்கையா அவள் முழங்கையைப் பிடித்து, பீச் தெருப் பக்கம் திருப்பினாள்.